சூடான டயர், ஆறின டயர்

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த நாளில் காற்று பேய்த்தனமாக வீசியது என்பது என் நினைவு. ஓர் இலைகூட அசையவில்லை என்கிறாள் அக்கா. காரின் நிறம் கரும்பச்சை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய புகைப்படம் ஒன்றில் அது நீலமாக இருந்தது. அத்தானிடம் கேட்டுச் சரிபார்க்கலாம் என்றால், அந்த வழி அப்போதே மெல்ல அடைபடத் தொடங்கியிருந்தது. நான் சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான். ஆகவே எண்களை மட்டும் நம்பலாம். இருபத்தாறு, முப்பத்திரண்டு. அவை என்னுடையவை அல்ல, அத்தானுடையவை. அவற்றில் நான் கை வைக்கவில்லை.

அக்கா பல் டாக்டர். ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் அவள் கை போயிருக்கிறது. அவள் கணவர், என் அத்தான், எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலாளியின் முகத்தைப் பார்க்கும் முன்னால் தராசு முள்ளைத்தான் பார்ப்பார். அதனால் அவருக்கு ‘முள்ளு’ என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூவரில் வாய் திறந்து பேசுபவள் அக்கா ஒருத்திதான். “உங்க ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல விட்டா சுவருதான் பேசணும்” என்பாள்.

கார், ஐம்பதைத் தாண்டிய பிறகு அக்காவைப் பிடித்த பித்து. தரையோடு தரையாகக் கிடக்கும், இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருந்தது. பந்தயம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பொதுவில் திறந்துவிடுவார்கள். அவரவர் சொந்தக் காரைக் கொண்டுவந்து, முறை வைத்து, கொஞ்ச நேரம் மனம்போல ஓட்டிவிட்டுத் திரும்பலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. டிராக் டே என்பார்கள்.

“எதுக்குக்கா இது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நாள் பூரா அடுத்தவங்க வாயையே பாத்துக்கிட்டு இருக்கேன்டா. அங்க போனா ரோடு மட்டும்தான் தெரியும்.”

அத்தான் அந்தத் தடத்தில் ஒருமுறைகூட ஓட்டியதில்லை. டயருக்குக் காற்றுப் பார்ப்பது அவர் பொறுப்பு.

பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பதைப் போல அதை நினைத்துவிடக் கூடாது. தடத்தில் வேகமாக ஓடும்போது டயர் சூடாகிறது. உள்ளே அடைபட்ட காற்றும் சூடாகி அழுத்தம் ஏறுகிறது. அந்தக் காருக்கு, ஓடிச் சூடான டயரில் முப்பத்திரண்டு பவுண்டு இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் டயர் உப்பி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், வழுக்கும். குறைந்தால் வளைவில் டயர் மடங்கி, காரின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். எனவே காலையில், டயர் ஆறிக் கிடக்கும்போது, இருபத்தாறு வைக்க வேண்டும். மீதி ஆறு பவுண்டை ஓட்டம் ஏற்றித் தரும். ஓடித் திரும்பியதும், சூடு தணிவதற்குள் குனிந்து, கேஜ் என்ற காற்றளவுக் கருவியில் முள்ளைப் பார்த்து, முப்பத்திரண்டுக்கு மேல் இருப்பதை இறக்க வேண்டும். ஆறின டயரின் எண் வேறு, சூடான டயரின் எண் வேறு. முள்ளைப் பார்ப்பதற்கு முன், டயர் ஓடி வந்ததா ஓடப் போகிறதா என்பது தெரிந்திருக்க வேண்டும். முள் அதைச் சொல்லாது.

அத்தான் எதையும் எழுதி வைக்க மாட்டார். “காலம் பூரா தராசு பாத்தவனுக்கு நாலு டயர் ஞாபகம் இருக்காதா?” என்பார்.

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவாள். அத்தான் முன் இடது டயரில் தொடங்குவார். முழங்காலிட்டு, வால்வின் மூடியைக் கழற்றி, கேஜை அழுத்தி, முள் அசையாமல் நின்றதும் உரக்கச் சொல்வார்.

“முன்னாடி எடது, இருவத்தாறு.”

ஹெல்மெட்டுக்குள் அமுங்கிய குரல் அதைத் திருப்பிச் சொல்லும். “இருவத்தாறு.”

“முன்னாடி வலது, இருவத்தாறு.”

“இருவத்தாறு.”

அவள் திருப்பிச் சொல்லாதவரை அவர் அடுத்த டயருக்கு நகர மாட்டார். நாலும் முடிந்ததும் காரின் கூரையில் இரண்டு தட்டு. போகலாம் என்று அர்த்தம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவர்கள் உட்கார்ந்து நெடுநேரம் பேசி நான் பார்த்ததில்லை. அக்கா பேசுவாள், அவர் கேட்டுக்கொள்வார். அந்த எண்களில் மட்டும் இரண்டு பேர் குரலும் சரிசமமாக இருக்கும். நான் எப்போதாவது கூடப் போகும்போது, காதில் விழக் கூடாத எதையோ கேட்டுவிட்டவனைப் போல அந்த நேரம் பார்த்துப் புத்தகத்தைத் திறந்துகொள்வேன்.

பக்கத்தில் கார் நிறுத்தும் பேங்க் மேனேஜர் ஒருவர் இருந்தார். அவருடையது புத்தம்புதுக் கார்.

“முள்ளு சார், இன்னும் மண்டி போட்டுக்கிட்டுதான் இருக்கீங்களா? இங்க பாருங்க, என் வண்டில நாலு டயரும் ஸ்க்ரீன்லயே வருது.”

“ஸ்க்ரீன்ல வர்றது செய்தி சார்,” என்றார் அத்தான் நிமிராமலே. “காத்து இங்க கீழதான் இருக்கு.”

“டாக்டரம்மா, உங்க வீட்டுக்காரர விட்டா என் பல்லக்கூட எடை போட்டுருவாரு!”

“போடட்டுமே. அதுல பாதி நான் கட்டினது. எடை குறையாது.”

அத்தானுக்கு மறதி சின்னதாகத்தான் வந்தது. அடுப்பை அணைக்காமல் விட்டார். பக்கத்துத் தெருவில் வழி தெரியாமல் நின்றவரை யாரோ அழைத்து வந்து விட்டார்கள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அத்தான் அந்தப் பெயரை ஒருமுறை சரியாக உச்சரித்துப் பார்த்துவிட்டு, “நல்ல வேளை, இத ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல” என்றாராம். அக்கா சிரித்ததாகச் சொன்னாள். பிறகு வாசல் கதவின் சாவியை அவள் தன் கைப்பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அதற்குப் பின் வந்த ஒரு டிராக் டேயில்தான் அந்தச் சம்பவம். நான் அன்று போகவில்லை. காலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு அக்கா திரும்பினாள். அத்தான் சூட்டோடு சூடாகப் பார்த்து முப்பத்திரண்டு வைத்தார். எல்லாம் சரி. பிறகு டீ குடிக்கப் போனார். டீ குடித்த அந்தக் கொஞ்ச நேரத்தில், கார் ஏற்கெனவே ஓடிவிட்டு வந்தது என்கிற விஷயம் அவரிடமிருந்து கழன்று விழுந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை மறுபடியும் காலை. குனிந்து பார்க்கிறார், முள் முப்பதைத் தாண்டி நிற்கிறது. காலையில் இருக்க வேண்டியது இருபத்தாறு. பொறுமையாக, அரை அரையாகக் காற்றை இறக்கி, நாலு டயரிலும் இருபத்தாறு வைத்தார். வைத்ததை உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து அக்காவும் நாலு முறை இருபத்தாறு என்றாள்.

“எண்ணு காதுல விழுந்துச்சுடா,” என்றாள் பிறகு. “ஆனா நான் எண்ணக் கேக்கல. அவர் குரலக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

மூன்றாவது வளைவில் காரின் பின்பக்கம் அவள் கையை விட்டுப் போய்விட்டது. சுழன்று, புல்லில் இறங்கி, தடுப்புச் சுவருக்குச் சற்று முன்னால் நின்றது. திரும்பி வந்தபோது பின் சக்கரங்களில் புல் சிக்கியிருந்ததைப் பேங்க் மேனேஜர் பார்த்திருக்கிறார்.

அத்தான் கேட்டார், “என்னாச்சும்மா?”

“பிரேக்க லேட்டா போட்டுட்டேங்க.”

“பாத்து ஓட்டு,” என்றார் அவர்.

அடுத்த வாரம் ஒரு மாலை அவளுடைய கிளினிக்குக்குப் போனேன். கடைசி நோயாளி போன பின்பு, கருவிகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“டேய், இனிமே ஞாயித்துக்கிழமை எங்ககூட வர்றியா?”

“நான் வந்து என்ன பண்ணப்போறேன்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். அதுல நீ கெட்டிக்காரன்தானே. புஸ்தகத்த அங்க வந்து படி. நான் உள்ள ஓட்டும்போது அவர் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்.”

அப்படித்தான் நான் ஒவ்வொரு முறையும் போக ஆரம்பித்தேன். வால்வு மூடிகளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொள்வதும், மடக்கு நாற்காலியில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் என் வேலை. நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கார் எதிரே கடக்கும்போது அவர் தலை அதோடு திரும்பும். போன பிறகு மெல்லப் பழைய இடத்துக்கு வரும். அவரோடு சும்மா இருப்பது எனக்குச் சிரமமாகவே இல்லை. அதிகம் பேசாத இருவருக்கிடையில், மறதி அவ்வளவு சீக்கிரம் வெளியே தெரிவதில்லை.

தடத்துக்குள் நுழையும் வாயிலில் ஒரு தகரக் கொட்டகை. கார்களை ஒவ்வொன்றாகக் கொடி அசைத்து உள்ளே அனுப்பும் கொடிக்காரரின் இடம் அது. ஒருநாள் அந்தப் பக்கம் முகம் கழுவப் போனேன். கொட்டகையின் பின்னால், நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத மறைவில், அக்காவின் கார் உறுமிக்கொண்டு நின்றது. கூரையில் இரண்டு தட்டுத் தட்டி அத்தான் அனுப்பிவைத்த கார், தடத்துக்குள் போகவில்லை. அக்கா ஹெல்மெட்டோடு பின் டயரிடம் முழங்காலிட்டிருந்தாள். அவள் கையில் வேறொரு கேஜ், சின்னது. கொடிக்காரர் ஒரு பேட்டரி பம்பின் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்தான் என்னை முதலில் பார்த்தார்.

“தம்பி, நீங்க எதையும் பாக்கல,” என்றார்.

நான் பம்பைப் பார்த்தேன்.

“நானும் பாக்கல. நான் கொடியப் பாத்துக்கிட்டு இருக்கேன்.” அவருடைய கொடி சுவரில் சாய்ந்திருந்தது.

அக்கா ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள். “பின்னாடி வலது இருவத்திமூணு,” என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பிறகு என்னிடம், “நீ போய் அவர் பக்கத்துல உக்காரு. தனியா இருக்காரு.”

அன்று மாலை கிளினிக்கில் அவளைக் கேட்டேன்.

“நேரா சொல்லிட வேண்டியதுதானேக்கா. ‘இனிமே நானே பாத்துக்கறேன்’னு.”

“அடுப்ப வாங்கிட்டேன். சாவிய வாங்கிட்டேன். மாத்திரைய நான்தான் எடுத்துக் குடுக்கறேன். சட்டைப் பட்டன்வரைக்கும் வந்தாச்சு. இதையும் வாங்கிட்டா அவர்கிட்ட என்னடா மிச்சம்?”

“உனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“ஆகக் கூடாதுன்னுதான் கொட்டகைக்குப் பின்னாடி நிக்கறேன்.” இடுக்கியைத் துடைத்து மேஜையில் வைத்தாள். “பல்லு பிடுங்கறப்ப வலிக்காதுன்னு சொல்றேன்ல? அந்த மாதிரிதான்.”

“வலிக்குமே.”

“வலிக்கும். தெரிஞ்சுதான் வர்றாங்க. இருந்தாலும் அந்த நேரத்துல ஒரு ஆள் சொல்லணும்டா.”

என் தொழிலும் அதுதான். ஒருவர் எழுதியதை அவருக்குத் தெரியாமல் திருத்திவிட்டு, அவர் எழுதியபடியே இருக்கிறது என்று அவரை நம்ப விடுவது.

இப்படியே ஓடியது. சில நாட்கள் அத்தான் வைத்தது சரியாக இருக்கும். சில நாட்கள் வாய் சொன்ன எண் ஒன்று, டயரில் இருப்பது இன்னொன்று. அக்கா எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். திருப்பிச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றாள். கொடிக்காரர் எதையும் பார்க்கவில்லை.

காற்று பலமாக வீசியது, அல்லது இலைகூட அசையவில்லை என்று சொன்னேனே, அந்த நாளுக்கு வருகிறேன். காலை. டயர்கள் ஆறிக் கிடந்தன. அத்தான் முன் இரண்டையும் பார்த்துவிட்டு, பின் இடது முடித்து, பின் வலதுக்கு வந்தார். மூடியை என்னிடம் கொடுத்தார். அன்று அந்த டயருக்கு மட்டும் பம்பை எடுத்து நிதானமாகக் காற்று ஏற்றினார். கேஜை வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். முள் முப்பதில் நின்றது.

“பின்னாடி வலது, இருவத்தாறு,” என்றார்.

“இருவத்தாறு,” என்றது உள்ளேயிருந்து குரல்.

மறதி இப்போது கண்ணுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். மூடியைத் திருப்பிக் கொடுத்தேன். அதைத் திருகிவிட்டு எழுந்தார். கூரையில் இரண்டு தட்டு. கார் போனது.

அன்று அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் கார் தடத்தில் தெரிய வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமானது. ஒவ்வொரு சுற்றிலும் அது எதிரே வந்து போகும்வரை அவர் கண் வளைவிலேயே இருந்தது. பேங்க் மேனேஜர் வந்து ஏதோ கேலி சொன்னார். அத்தான் திரும்பவில்லை. மேனேஜர் ஒன்றும் புரியாமல் தன் காரிடம் போய்விட்டார்.

அக்கா திரும்பி வந்து நிறுத்தியதும் அத்தான் நேராகப் பின் வலது டயருக்குப் போனார். எப்போதும் முன் இடதில்தான் தொடங்குவார். அதை அவர் மீறி நான் கண்டதே இல்லை. டயரிலிருந்து அனல் அடித்தது. கேஜை அழுத்திவிட்டு அப்படியே இருந்தார். முள் எப்போதோ நின்றுவிட்டது. அவர் எழவில்லை.

“பின்னாடி வலது, முப்பத்திரெண்டு,” என்றார் கடைசியில்.

வரிசை மாறியதில் அக்கா ஒரு கணம் தயங்கினாள். “முப்பத்திரெண்டு.”

மதியம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். டயரின் கரி அவர் விரல் இடுக்குகளில் இருந்தது. இடது சுண்டு விரலில் ஒரு வெள்ளை நூல் கட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“மாப்ள,” என்றார். “காலையில பின்னாடி வலதுல முப்பது வச்சேன்.”

நான் அவரைப் பார்த்தேன்.

“தெரியாம வைக்கல. வேணும்னேதான் வச்சேன். மறந்துடக் கூடாதுன்னு நூல் கட்டிக்கிட்டேன்.” விரலைக் காட்டினார். “கம்மியா வைக்க மனசு வரல. கூட வச்சா வழுக்கும், ஆனா அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும், பாத்துப்பா. முப்பது வச்சா திரும்பி வர்றப்ப முப்பத்தாறு இருக்கணும். முப்பத்திரெண்டு இருந்துச்சு. வழியில யாரோ எறக்கியிருக்காங்க.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அவளா?”

நான் குழாயை மூடினேன். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் இடிந்துபோய்விடுவார் என்று பயந்தேன். அவர் குழாய் மேடையில் உட்கார்ந்தார். ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

“அப்பாடா,” என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒவ்வொரு தடவையும் கூரையத் தட்டினதும் யோசிச்சுப் பாப்பேன் மாப்ள. நான் சொன்ன எண்ணு காதுல இருக்கு. வச்ச எண்ணு எங்கயும் இல்ல. சரியா வச்சேனா, சாகடிக்க வச்சேனா, எனக்கே தெரியல. அவ திரும்பி வர்ற வரைக்கும்…”

“அப்ப ஏன் அத்தான் நீங்க இத விடல?”

“நான் விட்டா அவளும் விட்டுருவா. ‘இவர வீட்ல உக்கார வச்சுட்டு எனக்கு என்ன காரு’ன்னு வித்துருவா. அவகிட்ட நான் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன். நேரத்த, தூக்கத்த. இது ஒண்ணுதான் மிச்சம்.”

எனக்கு இதே சொற்களை வேறொரு குரலில் கேட்டது நினைவு வந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத,” என்றார்.

“ஏன்?”

“பாவம், எவ்வளவு சாமர்த்தியமா பண்றா.” நூலை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நான் அவிழ்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள்தான் எனக்குப் பெரும்பாடு. அவர் சொல்வார், அவள் திருப்பிச் சொல்வாள், தட்டுவார், போவாள், கொட்டகைக்குப் பின்னால் நிற்பாள். அந்த இடத்தை அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அவள் நிற்பது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. நடுவில் வால்வு மூடிகளோடு நான். கார் தடத்தில் தெரியத் தாமதமாகும்போது அவர் இப்போது நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொள்வார். ஒருமுறை என் பக்கம் குனிந்து, “இன்னைக்கு நேரமாகுது. நாலையும் தப்பா வச்சுட்டேன் போல,” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

கொடிக்காரரிடம் மட்டும் நான் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “உங்க குடும்பத்துல யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாதுன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிருங்க தம்பி. எனக்குக் கொடி ஆட்டறதே போதும்.”

மழைக்காலம் தொடங்கித் தடத்தை மூடுவதற்கு முந்தைய கடைசி ஞாயிறு. அது கடைசி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அத்தான் மிகவும் மெலிந்திருந்தார். முழங்காலிடும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“முன்னாடி எடது, இருவத்தாறு.”

“இருவத்தாறு.”

எழுந்தார், ஒரு அடி வைத்தார், மறுபடி அதே டயரிடம் குனிந்தார்.

“முன்னாடி எடது, இருவத்தாறு.”

“இருவத்தாறு,” என்றாள் அக்கா, முதல்முறை சொன்ன அதே குரலில்.

மற்ற மூன்றும் முடிந்தன. அவர் கூரையைத் தட்டவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

“டாக்டர்.”

“என்னங்க?”

“உன் ஹெல்மெட் பையில ஒரு கேஜ் இருக்குல்ல, அது அரை பவுண்டு கம்மியா காட்டுது. நேத்து ரெண்டையும் ஒரே டயர்ல வச்சுப் பாத்தேன். அதுல இருவத்தாறு காட்டினா நெசத்துல இருவத்தாறரை இருக்கும்.” தன் கையிலிருந்த கேஜை அவள் மடியில் வைத்தார். “கொட்டகைக்குப் பின்னாடி நிறுத்துவேல்ல, அங்க இத வச்சுப் பாரு.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது; உள்ளே அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அவர் காத்திருந்தார்.

“அரை பவுண்டு கம்மி,” என்றாள் அக்கா.

அவர் கூரையில் இரண்டு முறை தட்டினார்.

கொட்டகைக்குப் பின்னால் நடந்ததைக் கொடிக்காரர் பிறகு சொன்னார். கார் நின்றது, அக்கா இறங்கவில்லை. கேஜை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் பம்புக் குழாயோடு நின்று பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் நிஜமாகவே கொடியைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு இறங்கிப் பார்த்தாள். இரண்டு டயர் சரியாக இருந்தன. ஒன்று மூன்று பவுண்டு குறைவு. ஒன்று கொஞ்சம் கூடுதல். சரிசெய்துகொண்டு போனாள். எப்போதும் ஓட்டுவதைப் போலத்தான் ஓட்டினாள், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

திரும்பி வந்ததும் அவள் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அத்தான் முன் இடது டயரிடம் முழங்காலிட்டிருந்தார். கேஜை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவளும் பக்கத்தில் முழங்காலிட்டாள். அவர் அழுத்தினார். இரண்டு பேரும் ஒரே முள்ளைப் பார்த்தார்கள்.

“முன்னாடி எடது,” என்றவர் நிறுத்தினார். முள்ளை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். “ஓடி வந்துட்டியா, போகப் போறியா?”

“ஓடி வந்துட்டேங்க.”

“அப்ப முப்பத்திரெண்டு. சரியா இருக்கு.”

“முப்பத்திரெண்டு,” என்றாள்.

நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு தடம் திறந்தபோது சில ஞாயிறுகள் மூவரும் போனோம். அவர் கேஜை வைப்பார், அவள் முள்ளைப் பார்ப்பாள், அவர் சொல்வார், அவள் திருப்பிச் சொல்வாள். ஓடி வந்ததா ஓடப் போவதா என்று ஒவ்வொரு டயரிடமும் கேட்பார்; ஒவ்வொரு முறையும் பதில் சொல்வாள். பிறகு அவரால் முழங்காலிட முடியவில்லை. பிறகு அவருக்கு எண்கள் போயின, பிறகு என் முகம், பிறகு அவள் பெயர். ஒரு மழைக்காலக் காலையில், வீட்டில், தன் கட்டிலில் இறந்தார்.

அக்கா அதற்குப் பின் ஒரே ஒரு முறை தடத்துக்குப் போனாள். காரை வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை வாங்கிக்கொண்டாள். கிளினிக்கை இப்போது காலையில் மட்டும் திறக்கிறாள். அத்தானின் கேஜ் அவளுடைய மேஜை இழுப்பறையில், பல் பிடுங்கும் இடுக்கிகளோடு கிடக்கிறது. பேங்க் மேனேஜர் மீதிப் பல்லையும் அவளிடமே கட்டிக்கொண்டார். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். கொடிக்காரர் முழங்கால் தேய்ந்து, மகள் வீட்டோடு போய்விட்டார். தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தடம் இன்னும் திறக்கிறது என்று கேள்வி. நான் அதே அச்சகத்தில்தான் இருக்கிறேன்.